நீ படமாக்கிய துரோகி

ஐயா,

சென்னையில் உன் படத்துக்கு இருபத்தைந்தாவது நாள் விழா வைக்கிறார்கள், அப்பா மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும், இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இவர்தான் என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று போனில் சொன்னாய். விழா முடிந்த மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் புறப்படுகிறாய் என்றும் சொன்னாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், நான் வர மாட்டேன். காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. வந்தாலும் நீ நடுவில் பேசுவாய். அதனால் எழுதுகிறேன். இதே கடிதத்தின் ஒரு பிரதியை ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உனக்குக் கோபம் வரும். பொய்யை ஊரெல்லாம் கேட்கச் சொன்னவன் உண்மையை மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லக் கூடாது.

உன் படத்தை நானும் உன் அம்மாவும் தென்காசியில் பார்த்தோம், வெளியான முதல் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. ஊர்ப்பிள்ளை எடுத்த படம் என்று இலஞ்சியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீ நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலை யாழ்ப்பாணம் என்று காட்டினாய், ஒருவரும் கேட்கவில்லை. சாரல் கேமராவில் தெரியவில்லை என்று நிஜச் சாரல் நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மழை பெய்ய வைத்தாய். திரையில் அது நிஜத்தைவிட நன்றாகப் பெய்தது. முகாமில் இருந்த போராளிப் பையன்கள் இஸ்திரி போட்ட சீருடையில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய தலைவர் மாஸ்டர் வரும்போது செருப்பில் தொடங்கி மெதுவாக முகத்துக்குக் கேமரா ஏறியது, தியேட்டர் விசிலடித்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போரைப் பற்றி எடுக்கும் படங்களில் இயக்கம் சாமியாக வரும், இல்லாவிட்டால் பேயாக வரும். நீ சாமியாக்கியிருக்கிறாய். பேயாக்கியிருந்தாலும் நான் இதே கடிதத்தை எழுதியிருப்பேன். பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்தவன் அந்த இரண்டு வகைப் படத்திலும் வருவதில்லை. அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

இடைவேளைக்குப் பிறகு தோப்புக் காட்சி வந்தது. தென்னை மரத்தில் கட்டிவைத்த துரோகி பயத்தில் ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறான். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், எங்கட வீடு, யாழ்ப்பாணம். ‘எங்கட வீடு’ என்றதும் தியேட்டர் சிரித்தது. சிரிப்பதற்காகத்தான் நீ அதை வைத்தாய், சிரிப்பதற்காகத்தான் நானும் உனக்கு அதைச் சொன்னேன். பிறகு சனங்கள் ஒவ்வொருவராக வந்து அவன் முகத்தில் துப்புகிறார்கள். கடைசியாக ஊதாச் சேலை கட்டிய, ஐம்பது தாண்டிய ஒரு பெண். துப்புவதற்கு முன் கொஞ்ச நேரம் நிற்கிறாள். உதடு நடுங்குகிறது. அப்புறம் துப்புகிறாள். நீ கேமராவை அவள் முகத்திலேயே விட்டுவைத்திருக்கிறாய். அதன் பிறகு மாஸ்டர் ஒரே குண்டில் அவனைச் சுட்டுச் சாய்க்கிறார். தியேட்டர் கை தட்டியது. நானும் தட்டினேன். உன் அம்மா தட்டவில்லை. “அந்தப் பொம்பள நடிக்கல. நெசமாவே அழுவுதா, பாத்தீங்களா” என்றாள். நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீ வாங்கிக் குடித்தேன்.

உனக்கு நான் சொன்ன கதையில் எது உண்மை என்று இனி சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்கள் படகேறி வந்தார்கள். அவர்கள் வந்ததற்கும் துப்பாக்கி எடுக்க நினைத்ததற்கும் காரணம் இருந்தது, அதை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்போது எத்தனையோ இயக்கங்கள். அவற்றில் ஒரு சின்ன இயக்கத்துக்கு, குற்றால மலையடிவாரத்தில் இருக்கும் நம் தென்னந்தோப்பை உன் தாத்தா தங்கக் கொடுத்தார். அந்த இயக்கம் இப்போது இல்லை, பெயரும் உனக்கு வேண்டாம். முப்பது பையன்கள் இருப்பார்கள். சீருடை கிடையாது. லுங்கியும் ஓட்டைப் பனியனும்தான். விரலிடுக்கில் சொறி, தலையில் பேன். காலையில் மரக்கட்டையைத் துப்பாக்கி போலத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுவார்கள். உன் படத்தில் அவர்கள் பேசுகிற மாதிரி நீளமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அம்மா வைக்கும் மீன்குழம்பைப் பற்றிப் பேசுவார்கள். கடிதம் வரவில்லையே என்பார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து அப்படியே தூங்கிப்போவார்கள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்லூரியில் தேறாமல் வீட்டில் இருந்தேன். தோப்புக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மாஸ்டர் என்று அவர்கள் கூப்பிட்டவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான ஆள், சத்தம்போட்டுப் பேச மாட்டார். ஒருநாள் என் தோளில் கை வைத்து, “தம்பி, நீங்கள் எங்கட ஆள்” என்றார். உன் தாத்தா என்னை ஆளாகவே மதிக்காத காலம் அது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதுவும் செய்வேன் என்று அந்த மனுஷனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

பையன்களில் ரவி என்று ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயது, காது கொஞ்சம் பெரியது. நான் போனால் மூட்டையை இறக்க ஓடிவருவான். அவனுடைய அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். தூக்கம் வராவிட்டால் ரயில் நிலையங்களை வரிசையாகச் சொல்லுவேன் என்றான். கொக்குவில் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘எங்கட வீடு’ என்பான். சின்ன வயதில் அப்படிச் சொல்லிப் பழகி, அது மாறவே இல்லையாம். அவனோடு தாஸ் என்று ஒரு சேக்காளி இருந்தான், ஒரே ஊர்க்காரன். ஒரு வாரம் தாஸைக் காணவில்லை. கேட்டேன். வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டோம் என்று மாஸ்டர் சொன்னார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு காலை. வயல் பம்புசெட் அறையில் நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவி வரப்பு வழியாக வந்து நின்றான். சட்டையில்லை, உடம்பெல்லாம் சேறு. “அண்ணை, தாஸைக் கொண்டுபோட்டாங்கள். கேள்வி கேட்டவன் எண்டு அடிச்சே சாகடிச்சாங்கள், நான் பார்த்தனான். என்னை ஒருக்கா செங்கோட்டையில கொண்டுபோய் விடுங்கோ. கொல்லத்து ரயில் ஏறினனெண்டால் எப்படியாவது வீட்டை போயிடுவன்” என்றான். நான் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து எனக்காகக் கொண்டுவந்த இட்லியைக் கொடுத்தேன். “பயப்படாதல. நீ இங்கனயே இரு. நான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்திருதேன்” என்றேன். அவன் தலையாட்டினான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தோப்புக்குப் போனேன்.

அவன் சொன்னதை நான் நம்பவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ வருடம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். நம்பினேன். தாஸைக் கொன்றிருப்பார்கள் என்று அவன் முகத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் போனேன். செங்கோட்டை ரயிலடி வண்டியில் அரைமணி நேரம்கூட இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. நாடு, லட்சியம் எதுவும் அப்போது என் மனதில் இல்லை. அவனைக் காப்பாற்றினால் யாருக்கும் தெரியாது, பிடித்துக் கொடுத்தால் மாஸ்டருக்குத் தெரியும். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்காதா என்று நாற்பது வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஜீப்பில் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் என்னோடு வந்தார்கள். ரவி இட்லியைச் சாப்பிட்டு முடித்து, தூக்குச்சட்டியை வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான், பிறகுதான் பின்னால் வந்தவர்களைப் பார்த்தான். ஓடவில்லை. என்னைத் திட்டவில்லை. நான் கொடுத்த சட்டையைக் கழற்றி, மடித்து, மோட்டார் மேல் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தான். “நல்ல வேலை செய்தீங்கள் தம்பி” என்று மாஸ்டர் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ படம் எடுக்கிறவன், இதைத் தெரிந்துகொள். அப்போது எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

தோப்பில் மரத்தில் கட்டினார்கள். முகாம் முழுக்க வரிசையில் நின்றது. நீ காட்டிய மாதிரி ஊர்மக்கள் யாரும் வரவில்லை, யாரும் துப்பவில்லை. பச்சைத் தென்னை மட்டையை எடுத்துவைத்திருந்தார்கள், ஒவ்வொருவராக வந்து அடிக்க வேண்டும். அழுதுகொண்டே அடித்தவர்கள் உண்டு. எல்லோரும் முடித்த பிறகு மாஸ்டர் என்னைப் பார்த்து, “தம்பியும் ஒரு அடி போடட்டும். அப்பதான் இது எல்லாருடைய வேலையாயும் இருக்கும்” என்றார். அடித்தேன். ஒரு அடி என்றுதான் இத்தனை காலமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்றில்லை. முதல் அடி மெதுவாக விழுந்துவிட்டது, பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. அதனால் மறுபடி ஓங்கினேன். அப்புறம் கை நிற்கவில்லை. அவன் நிலையங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கியது நான் அடித்தபோதுதான். எங்கட வீடு என்று சொன்னபோதும் அடித்தேன்.

குண்டு எதுவும் கிடையாது, ஐயா. வெடிச்சத்தம் கேட்டால் பக்கத்துத் தோப்புக்காரர்கள் வருவார்கள். அவன் மறுநாள் மத்தியானம்வரை கிடந்தான். தண்ணீர் கேட்டான் என்று சொன்னார்கள், கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. உன் படத்தில் சாவதற்கு நான்கு விநாடி ஆகிறது. பின்னணியில் வயலின் இசை ஒலிக்கிறது. அவனுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ஆனது. பழைய கிணற்றுக்கு மேற்கே குழி வெட்டினார்கள். அவன் உளவாளி, கடிதம் சிக்கியது என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. சில மாதத்தில் முகாம் காலியானது. மாஸ்டர் என்ன ஆனார் என்று தெரியாது. நான் கல்யாணம் செய்தேன், உன் தாத்தாவின் நிலத்தைப் பார்த்தேன், நீ பிறந்தாய்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் வழியில் தோப்பைக் காட்டி, இங்கே போராளிகள் இருந்தார்கள் என்று சொன்னேன். நீ நின்றுவிட்டாய். அதற்குமுன் நான் சொன்ன எதையும் நீ அப்படிக் கேட்டதில்லை. அதனால் மேலே சொன்னேன். உளவாளி ஒருவன் இருந்தான், அவனைப் பிடித்துக் கொடுத்தது உன் அப்பாதான் என்றேன். மாஸ்டர் ஒரே குண்டில் சுட்டார் என்றேன். அன்றைக்குக் குண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் பார்த்த சினிமாக்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பிறகு உன் சேக்காளிகள் வரும்போதெல்லாம், “எப்பா, அந்தக் கதையச் சொல்லுங்கப்பா” என்பாய். ஒவ்வொரு தடவையும் அவன் இன்னும் கெட்டவன் ஆனான், நான் இன்னும் துணிந்தவன் ஆனேன். நிலையப் பெயர்களை அவன் குரலில் சொல்லிக் காட்டுவேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அப்படித்தான் உன் முதல் படத்தின் திரைக்கதையை நான் எழுதிக் கொடுத்தேன். படம் எடுக்க வந்தபோது, எந்த இடம்பா என்று கேட்டாய். நான் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றுக்கு மேற்கே கையை நீட்டிக் காட்டினேன். கேமரா ஓடுவதற்கான தண்டவாளத்தை அங்கேயேதான் போட்டாய்.

படம் வந்த மறுவாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே திரையில் பார்த்த ஊதாச் சேலைக்காரி என்று தெரிந்தது. பெயர் தவமலர். முப்பது வருடத்துக்கும் மேலாக இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறாள். முகம் இயல்பாக இருக்கும் என்று நீ அங்கிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிக் கூட்டிவந்தாயே, அவர்களில் ஒருத்தி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “உங்கட மகன்ர படத்தில அந்தப் பொடியன் எங்கட வீடு எண்டு சொல்லுறான். அதை ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டாள். ரவி என்று ஒருவன் இருந்தான், அவன் சொன்னது என்றேன். “அவன்ர பேர் ரவி இல்லை ஐயா. யோகநாதன். என்ர அண்ணா” என்றாள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீடு, அந்த நிலையத்தை அவன் அப்படித்தான் சொல்லுவான், வீட்டில் எல்லோரும் அதற்குச் சிரிப்பார்கள் என்றாள். அவன் படகேறும்போது அவளுக்குப் பதினான்கு வயது. இயக்கத்துக்குப் போனவன் செத்தான் என்றும் தகவல் வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை. கடிதம் வரும் என்று சொல்லிச் சொல்லியே அவர்களுடைய அம்மா செத்துப்போனாள். படப்பிடிப்பில் முதல் தடவை அந்தப் பெயர்களைக் கேட்டபோது கால் நகரவில்லை என்றாள். மைக்கில் ஒருவர், அந்த ஊதாச் சேலை ஏன் நிற்குது என்று திட்டினாராம். மறு தடவை எடுத்தபோது நடந்துபோய்த் துப்பினாள். நீ ஓடிவந்து, சூப்பர்மா என்று கை தட்டினாயாம். சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் வந்து இது யார் சொன்ன கதை என்று கேட்டிருக்கிறாள். உண்மைச் சம்பவம், எங்க அப்பா சொன்னது, அவன் ஒரு உளவாளி என்று நீ சொல்லியிருக்கிறாய். அகதி முகாமில் இருப்பவர்கள் யாரையும் எதுவும் கேட்டுப் பழகாதவர்கள். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். தான் கேட்டது சரிதானா என்று பார்க்கத்தான் படத்துக்கே போயிருக்கிறாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? “அவன் உளவாளிம்மா. எனக்கு வேறொண்ணும் தெரியாது” என்றேன். அறுபது தாண்டியவன், பேரன் எடுக்கும் வயதில் இருக்கிறவன், அவள் முகத்துக்கு நேரே மறுபடியும் அதையே சொன்னேன். அவள் அழவில்லை. “சரி ஐயா. உளவாளி எண்டே வைப்பம். எங்க தாட்டனீங்கள்?” என்றாள். புதைத்த இடத்தைத்தான் கேட்டாள். தெரியாது என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உள்ளேயிருந்து உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளிடமும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் நானே அவள் இருக்கும் முகாமுக்குப் போனேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். நிஜத்தில், அவள் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுவிடுவாள் என்ற பயத்தில்தான் போனேன். பத்துக்குப் பத்து வீடு, தகரக் கூரை, வாசலில் ஒரு வாளி. அவள் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. பம்புசெட், இட்லி, ஜீப், தென்னை மட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். “சாப்பிட்டவனோ?” என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். அதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எலும்பு வேண்டும் என்றாள். போலீசுக்குப் போவோம் என்றேன். முதலில் எலும்பு, போலீஸ் உங்கள் பாடு என்றாள்.

மூன்று நாள் தோண்டினோம். கூலிக்கு ஆள் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தேன், அவள் கூடையில் மண் அள்ளிக் கொட்டினாள். முதல் நாள் வந்ததெல்லாம் உன் படப்பிடிப்புக் குப்பைதான். ஆணி, வயர், சிவப்புச் சாயம் ஒட்டிய பாலிதீன் பை. அந்தப் பையை அவள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். இரண்டாம் நாள் வேர். எனக்குக் கை கொப்பளித்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். “தோண்டுங்கோ” என்றாள். மூன்றாம் நாள் காலையில் முதல் மண்டையோடு வந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று. தாஸை எந்த முகாமுக்கும் அனுப்பவில்லை. ரவி சொன்னது அத்தனையும் நிஜம்.

எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பல்லைப் பார்த்தாள். ஒரு பல் கோணலாக இருக்கும் என்று சொன்னாளே தவிர, இது என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. பிறகு, “ரெண்டு பேரையும் நானே வச்சிருக்கிறன். அந்தப் பொடியனுக்கும் ஆரும் வரப்போறதில்லை” என்றாள். உன் அம்மாவின் பழைய சேலை இரண்டில் முடிந்து தோப்பு வீட்டில் வைத்திருக்கிறோம். முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் நாளன்று மட்டும் ஓடிப்போய்த் தலையைக் காட்டிவிட்டு, மறுபடி வந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தோண்டிய முதல் நாள் மாலையே சொன்னேன். “நீங்களும் அடிச்சீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். எத்தனை அடி என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றேன். “ஞாபகமில்லாத அளவுக்கா” என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. தோப்புக்குத் தவமலருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். எனக்குத் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போகிறாள். நாளைக் காலையில் இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். நீ வக்கீல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இதை ரொம்ப விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். விலையை நான் கொடுக்கவில்லை, வேறொருவன் கொடுத்தான். இனி எவனாவது உன்னிடம் வந்து, நான் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு சாவின் கதையைச் சொன்னால், அப்போது உன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேள். அவன் பதில் சொல்லும்வரை கேமராவைத் தூக்காதே. என்னிடம் நீ கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் தடுமாறியிருப்பேன். ஆறாம் வகுப்பில் உனக்கு அது தெரிந்திருக்காது. முப்பது வயதில் தெரிந்திருக்கும்.

தவமலர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கேட்டாலும் தர மாட்டாள். ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தத் துப்புற இடத்தை எடுத்துப்போடச் சொல்லுங்கோ.” அதற்குத்தான் போன வாரம் உனக்குப் போன் செய்தேன். காரணம் சொல்லவில்லை. ஊதாச் சேலை கட்டி நடித்த அம்மாள் அந்த ஷாட்டை எடுத்துவிடச் சொல்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். “எப்பா, அந்த ஷாட்தான்பா படமே. ட்ரெய்லர்லயே அதான் இருக்கு, எல்லாரும் அதத்தான் பேசுதாங்க. அந்தம்மாவுக்கு வேணும்னா அடுத்த படத்துல நல்ல ரோல் ஒண்ணு தாரேன்” என்றாய். உனக்குக் காரணம் தெரியாது, அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல வேலை செய்தாய் என்று நாலு பேர் சொல்லிவிட்ட பிறகு எதிரே நிற்பவள் யார் என்று பார்க்காத குரல். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது கதையை மட்டும் இல்லை.

இப்போது உனக்குக் காரணம் தெரியும். விழாவுக்குப் போவதும், விமானம் ஏறுவதும், என்னை அப்பா என்று கூப்பிடுவதும் உன் இஷ்டம். அந்த ஷாட்டை மட்டும் வெட்டு. உன் படம் தென்காசியில் இன்னும் ஓடுகிறது, தினம் நான்கு காட்சி. தியேட்டர் கை தட்டக் கை தட்ட, அவள் தினம் நான்கு தடவை தன் அண்ணன் முகத்தில் துப்பிக்கொண்டிருக்கிறாள். தோப்பு வீட்டில் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்சி நேரம் பார்க்கிறாள். இதை எழுதி முடிக்கும்போது மணி ஒன்றரை. மதியக் காட்சி இரண்டேகாலுக்கு.